அம்பாங் – ஸ்ரீ பெட்டாலிங் எல்ஆர்டி: ஒரு தண்டு, இரண்டு கிளைகள்

கேட்கப்பட்டவை மூன்று. கோலாலம்பூரில் அம்பாங் எல்ஆர்டியும் (இலகு ரயில்) ஸ்ரீ பெட்டாலிங் எல்ஆர்டியும் ஒரே பாதையா, இரண்டா? நகரின் பெரிய நிலையமான கேஎல் சென்ட்ரலைத் தொடாமல் அது ஏன் சுற்றிக்கொண்டு போகிறது? புத்ரா ஹைட்ஸில் கிளானா ஜெயா எல்ஆர்டியும் பக்கத்திலேயே வந்து நிற்கிறதே, ஒரு தடத்து ரயிலை மற்றதில் ஓட்டக் கூடாதா?

இந்தப் பாதை ஒரே மூச்சில் திட்டமிட்டுப் போட்டதல்ல. ஈயத்துக்காகப் போட்ட பழைய ரயில் தடம், ஆற்றோரமாக எழுப்பிய தூண் பாதை, இருபது ஆண்டு கழித்துப் பூச்சோங் பக்கம் நீட்டிய வால் என மூன்று துண்டுகளைத் தைத்தது. தையல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் மூன்று கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

முதலில் வழித்தடம். வடக்கே செந்தூல் தீமோரில் தொடங்கி செந்தூல், தித்திவங்சா, பிடபிள்யூடிசி, சுல்தான் இஸ்மாயில், பண்டாராயா, மஸ்ஜிட் ஜாமேக், பிளாசா ராக்யாட், ஹங் துவா, புடு, சான் சோ லின் வரை 11 நிலையங்கள் இரண்டு பாதைக்கும் பொது. சான் சோ லினில் தடம் கவட்டையாகப் பிரிகிறது. கிழக்கே போவது அம்பாங் கிளை: மிஹார்ஜா, மலூரி, பண்டான் ஜெயா, பண்டான் இண்டா, செம்பாக்கா, சஹாயா, அம்பாங் என 7 நிலையங்கள். தெற்கே போவது ஸ்ரீ பெட்டாலிங் கிளை: செராஸ், சாலாக் செலாத்தான், பண்டார் துன் ரசாக், பண்டார் தாசேக் செலாத்தான், சுங்கை பீசி, புக்கிட் ஜாலில், ஸ்ரீ பெட்டாலிங், அதற்கப்பால் கின்ராரா, பூச்சோங் வழியாகப் புத்ரா ஹைட்ஸ் வரை 18 நிலையங்கள். மொத்தம் 36 நிலையங்கள், ஏறத்தாழ 45 கிலோமீட்டர். வரைபடத்தில் அம்பாங் ஆரஞ்சு நிறம், எண் 3. ஸ்ரீ பெட்டாலிங் அரக்குச் சிவப்பு, எண் 4. நிலையக் குறியீட்டில் ஏஜி என்றால் அம்பாங், எஸ்பி என்றால் ஸ்ரீ பெட்டாலிங். பொதுத் தண்டில் இருக்கும் நிலையங்களுக்கு இரண்டு குறியீடும் உண்டு. ஆகவே பயணிக்கு இவை இரண்டு பாதைகள். தண்டவாளத்துக்கும் சமிக்ஞைக்கும் ஒரே அமைப்பு.

பொதுத் தண்டு என்பதன் விளைவு நடைமுறையில் பெரியது. தண்டில் இரண்டு கிளை ரயில்களும் மாறி மாறி வருகின்றன. எடுத்துக்காட்டாக, மஸ்ஜிட் ஜாமேக்கில் 3 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் கிளையில் அது 6 நிமிடத்துக்கு ஒன்றாகிவிடும். மஸ்ஜிட் ஜாமேக்கிலிருந்து செந்தூல் பக்கம் போகிறவர் வருகிற எந்த ரயிலிலும் ஏறலாம். தெற்கே போகிறவர் ரயிலின் நெற்றியில் எழுதியிருக்கும் முனையத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இன்னொன்று, கிளைகள் சேரும் இடத்தில் ஒரு ரயில் தாமதித்தால் மற்றக் கிளை ரயிலும் அதற்காகக் காத்து நிற்கும். பூச்சோங்கில் ஒரு கதவு மூடாமல் அடம்பிடித்தால் அம்பாங் பயணியும் அதை உணர்வார். கவட்டைப் பாதைகள் எங்கே இருந்தாலும் இது உடன்பிறந்த குறை.

இனி முதல் துண்டு. அம்பாங் என்ற பெயரே ஈயச் சுரங்கத்தோடு பிறந்தது. சுரங்கத்துக்கு நீர் திருப்ப ஆற்றில் கட்டிய அணைதான் அம்பாங். மலாய்க் கூட்டு மாநில ரயில்வே காலத்தில் அம்பாங் வரை ஒரு கிளைத் தடம் இருந்தது, மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தடம். சாலாக் செலாத்தான் பக்கமும் தடம் இறங்கியது. இரண்டும் நகரத்துக்குள் சுல்தான் ஸ்திரீட் நிலையத்துக்கு வந்தன. அங்கிருந்து கோலாலம்பூர்ப் பெரிய நிலையத்துக்கு, அன்று ஃபோச் அவென்யூ என்று பெயர் பெற்றிருந்த இன்றைய ஜாலான் துன் தான் செங் லோக் தெரு வழியாகவே ரயில் போனது. பின்னாளில் அந்த இணைப்பைப் பெயர்த்துவிட்டார்கள். தடம் இருந்த இடம் முழுச் சாலையானது.

எல்ஆர்டி போட வந்தபோது கையில் இருந்தது இந்த வெட்டுப்பட்ட பழைய தடம். வீடு இடிக்க வேண்டியதில்லை, நிலம் வாங்க வேண்டியதில்லை. மீட்டர் கேஜைப் பெயர்த்து 1,435 மில்லிமீட்டர் அகலத் தடம் போட்டு, சாலைக் குறுக்கீடுகள் இல்லாமல் வேலியடைத்தால் போதும். நிலம் கையகப்படுத்துவதில்தான் நகர ரயில் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொள்ளும். அந்த வகையில் இது நல்ல தேர்வு. ஆனால் பழைய தடத்தை எடுத்துக்கொண்டால் அதன் குணத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். சுரங்கத்துக்கும் சரக்குக்கும் போட்ட தடம் மக்கள் குடியிருக்கும் இடம் பார்த்துப் போகாது. அதனால்தான் அம்பாங் கிளை நிலையங்கள் சில, ஊரின் முன்வாசலில் இல்லாமல் கொல்லைப்புறத்தில் இருப்பது போலத் தோன்றும்.

இந்தத் துண்டை ரயிலில் இருந்தே அடையாளம் காணலாம். ஹங் துவாவில் எல்ஆர்டி தடம் சாலை மட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. மோனோரயில் தலைக்கு மேலே போகிறது. பக்கத்தில்தான் 1890களில் கட்டிய புடு சிறைச்சாலை இருந்தது. இப்போது அதன் நுழைவாயில் மட்டும் மிஞ்ச, சுற்றிலும் வணிக வளாகம். இங்கிருந்து பிளாசா ராக்யாட் தாண்டியதும் ரயில் மூக்கைத் தூக்கி ஏறத் தொடங்கும். பழைய தடம் முடிந்து தூண் பாதை தொடங்கும் தையல் அதுதான்.

இரண்டாம் துண்டு முழுக்கப் புதிது. பெரிய நிலையத்துக்கான பழைய இணைப்பு போய்விட்டதால் பாதை வடக்கே திரும்பி, கட்டடங்கள் இல்லாத வெற்றிடமாக மிஞ்சியிருந்த கோம்பாக் ஆற்றின் கரையைப் பிடித்துக்கொண்டது. பண்டாராயா, சுல்தான் இஸ்மாயில், பிடபிள்யூடிசி எல்லாம் ஆற்றின் ஓரமாகவே வருவதற்குக் காரணம் இதுதான். கேஎல் சென்ட்ரல் திறந்தது 2001இல். தூண் பாதை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. இல்லாத நிலையத்தை நோக்கி யாரும் தடம் போட முடியாது. அங்கே போக வேண்டியவர் மஸ்ஜிட் ஜாமேக்கில் கிளானா ஜெயா பாதைக்கு மாறினால் பசார் செனி, அடுத்தது கேஎல் சென்ட்ரல். இரண்டே நிறுத்தம்.

இதைக் கட்டியது ஸ்டார் என்ற தனியார் நிறுவனம். ‘சிஸ்டம் டிரான்சிட் அலிரான் ரிங்கான்’ என்ற மலாய்ச் சொற்களின் முதலெழுத்து. ரிங்கான் என்றால் இலகு. பிரிட்டனின் டெய்லர் உட்ரோவும் ஜெர்மனியின் ஏஇஜியும் இதில் பங்கு கொண்டன. 1996 டிசம்பர் 16இல் அம்பாங் – சுல்தான் இஸ்மாயில் இடையே 12 கிலோமீட்டர் தடம் திறந்தது. மலேசியாவின் முதல் எல்ஆர்டி இதுவே. அடுத்தது சான் சோ லின் – ஸ்ரீ பெட்டாலிங் கிளை, 1998 ஜூலை 11. நாளைக் கவனியுங்கள்: அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் தொடங்கியது. அதனால்தான் தெற்குக் கிளைக்கு முன்னுரிமை. சுல்தான் இஸ்மாயில் – செந்தூல் தீமோர் துண்டு போட்டியெல்லாம் முடிந்து டிசம்பர் 6 அன்றுதான் திறந்தது. புக்கிட் ஜாலில் அரங்க வட்டாரம் அதற்கு முன் தமிழர்கள் பால் வெட்டிய ரப்பர் தோட்டம். அங்கே எஞ்சிய தோட்டக் குடும்பங்கள் குடியிருப்பு நிலம் கேட்டு நெடுங்காலம் போராடினார்கள். அந்தப் பாதையைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிடுவது நியாயமல்ல.

எல்ஆர்டி என்பதை டிராம் என்று நினைத்துவிட வேண்டாம். இது சாலையில் ஓடுவதில்லை. முழுக்கத் தனித் தடம். பெட்டிகள் எடை குறைந்தவை, கூர்மையான வளைவிலும் செங்குத்தான ஏற்றத்திலும் போகக் கூடியவை; தூண்களும் அதற்கேற்ப மெலிதாகக் கட்டலாம். இலகு என்ற பெயர் அதற்குத்தான். மின்சாரம் மேலே கம்பியில் இல்லை. தடத்தின் பக்கவாட்டில் ஓடும் மூன்றாம் தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்னோட்டம். தரைமட்டத் துண்டுகளில் வேலி அவ்வளவு உயரமாக இருப்பதும், தடத்தில் ஒரு கைபேசி விழுந்தால்கூட இறங்கக் கூடாது, ஊழியரைத்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

முதல் தலைமுறைப் பெட்டிகள் 90. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் மேரிபரோ என்ற ஊரில் வாக்கர்ஸ் பட்டறையில் செய்தவை. இரண்டிரண்டாக இணைத்து ஆறு பெட்டி ரயிலாக ஓட்டினார்கள்; ஓட்டுநர் உண்டு.

ரயில் நன்றாக ஓடியது, கணக்குத்தான் ஓடவில்லை. திறந்த ஏழாம் மாதத்தில் 1997 ஆசிய நிதி நெருக்கடி வந்தது. எதிர்பார்த்த பயணிகள் வரவில்லை. நிலையத்தில் இறங்கியவரை வீட்டுக்குக் கொண்டுபோகும் பேருந்துகள் போதவில்லை. ஸ்டார், இன்றைய கிளானா ஜெயா பாதையை நடத்திய புத்ரா என இரண்டு எல்ஆர்டி நிறுவனங்கள் தனித்தனிப் பயணச்சீட்டு விற்றுக்கொண்டிருந்தன. அந்த நெருக்கடியின் அடையாளம் இன்றும் நிலையப் பெயரில் இருக்கிறது. பிளாசா ராக்யாட் என்பது எழும்ப வேண்டியிருந்த ஒரு பெரிய வளாகத்தின் பெயர். அது பாதியில் நின்றுபோய்ப் பல்லாண்டுகள் வெறும் கான்கிரீட் கூடாகக் கிடந்தது. 2002 செப்டம்பரில் அரசின் பிரசரானா நிறுவனம் இரண்டு பாதைகளின் சொத்துகளையும் எடுத்துக்கொண்டது. 2004 முதல் ரேபிட் கேஎல் என்ற பெயரில் ஓடுகிறது. உரிமை ஒன்றான பிறகும் மஸ்ஜிட் ஜாமேக்கில் ஒரு பாதையின் வாயிலைத் தாண்டி வெளியே வந்து, இன்னொரு சீட்டு வாங்கித்தான் மற்றப் பாதைக்குள் நுழைய முடிந்தது. வாயிலுக்கு உள்ளேயே மாறும் வசதி 2011 நவம்பரில்தான் வந்தது. ஒரே ஊரில், ஒரே பெயரில் நிற்கும் இரண்டு நிலையங்களை இணைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கக் கூடாது. இந்தப் பாதையின் வரலாற்றில் பெரிய தவறு எது என்று கேட்டால் என் பதில் இதுதான்.

மூன்றாம் துண்டு பூச்சோங் நீட்டிப்பு. ஸ்ரீ பெட்டாலிங்கிலிருந்து முழுக்கத் தூண் மேலே போகிறது. 2015 அக்டோபர் 31இல் கின்ராரா பிகே5 வரை, 2016 மார்ச் 31இல் பண்டார் புத்ரி வரை, ஜூன் 30இல் புத்ரா ஹைட்ஸ் வரை எனக் கட்டம் கட்டமாகத் திறந்தார்கள். தடத்தைக் காட்டிலும் முக்கியமான வேலை கண்ணுக்குத் தெரியாமல் நடந்தது. பழைய சமிக்ஞை முறையில் தடம் நிலையான கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒரு கட்டத்தில் ஒரு ரயில் இருந்தால், அது கட்டத்தின் கடைசி முனையிலேயே நின்றாலும் அடுத்த ரயில் முழுக் கட்டத்தையும் விட்டுக் காத்திருக்க வேண்டும். நீண்ட பாதைக்கும் நெருக்கமான ரயில்களுக்கும் அது போதாது. ஆகவே சிபிடிசி என்ற முறைக்கு மாற்றினார்கள். இதில் ஒவ்வொரு ரயிலும் தன் இடத்தையும் வேகத்தையும் வானொலி வழியே அறிவித்துக்கொண்டே போகும். முன்னால் போகும் ரயிலின் வால் வரை, நின்றுவிடத் தேவையான தூரத்தை மட்டும் விட்டுப் பின்னால் வருவது நெருங்கலாம். பழைய பெட்டிகளுக்குப் பதிலாகச் சீனாவின் சூச்சோவில் செய்த ஆறு பெட்டி ரயில்கள் 2014 இறுதியில் ஓடத் தொடங்கின. மொத்தம் 50 ரயில்கள். பெட்டிக்குப் பெட்டி நடந்து போகலாம் என்பதால் முதல் பெட்டி நெரிசலாக இருந்தால் உள்ளேயே நகர்ந்து நடுவுக்குப் போய்விடுவது நல்லது. ஆஸ்திரேலியப் பெட்டிகள் 2016இல் ஓய்வு பெற்றன.

இப்போது மூன்றாவது கேள்வி. இரண்டு பாதைக்கும் தட அகலம் ஒன்றே, 1,435 மில்லிமீட்டர். மின்னழுத்தமும் ஒன்றே, 750 வோல்ட். ஆனாலும் மாற்றி ஓட்ட முடியாது. அம்பாங் பாதை ரயில் மற்ற ரயில்களைப் போலச் சுழலும் மோட்டாரால் சக்கரத்தை உருட்டி ஓடுகிறது. கிளானா ஜெயா ரயிலில் சக்கரம் தாங்குவதற்கும் வழிகாட்டுவதற்கும் மட்டுமே. இழுப்பது நேரியல் தூண்டு மோட்டார். தடத்தின் நடுவே இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில் நீளமாக ஓடும் உலோகத் தகட்டைப் பார்க்கலாம். பெட்டியின் அடியில் இருக்கும் மின்காந்தச் சுருள்கள், ஒரு விரற்கடைக்கும் குறைந்த இடைவெளியில் அந்தத் தகட்டின் மேல் காந்தப்புலத்தை ஓடவிட்டு ரயிலை நகர்த்துகின்றன. சுழலும் மோட்டாரை எடுத்துப் பட்டையாக விரித்துப் போட்டது போல. அந்தத் தகடு இல்லாத தடத்தில் கிளானா ஜெயா ரயில் அசையாது. மின்சாரம் எடுக்கும் விதமும் வேறு: அங்கே போக்குக்கும் வரவுக்கும் தனித்தனி மின்தண்டவாளங்கள், இங்கே ஒன்று மட்டும், திரும்பும் மின்னோட்டம் ஓடும் தண்டவாளத்திலேயே போகிறது. பெட்டி அளவும் ஒன்றல்ல. ஆகவே புத்ரா ஹைட்ஸில் மாற வேண்டியது பயணிதான்.

பழுதுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மஸ்ஜிட் ஜாமேக்கை ஒட்டிய வளைவுகளில் கேட்கும் கிரீச் சத்தத்தைப் பலர் பிரேக் கோளாறு என்று நினைக்கிறார்கள். காரணம் வேறு. இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இறுக்கமாகப் பூட்டியவை. வளைவில் வெளிச் சக்கரம் நீளமான வழியும் உட்சக்கரம் குறைந்த வழியும் போக வேண்டும். ஒன்றாகச் சுழலும்போது ஏதாவது ஒன்று உருளாமல் வழுக்கும். அந்த வழுக்கல்தான் சத்தம். தண்டவாளத்தின் பக்கவாட்டில் உயவுப் பசை பூசுவதும், தேய்ந்த முகத்தை அவ்வப்போது அரைத்துச் சரியாக்குவதும்தான் மருந்து. கவனிக்காமல் விட்டால் சத்தத்தோடு நிற்காது, தண்டவாளம் வேகமாகத் தேயும்.

2006 அக்டோபரில் செந்தூல் தீமோரில் ஒரு ரயில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டித் தடத்தின் முடிவையும் கடந்து, முன்பகுதி அந்தரத்தில் தொங்கியது. உயிரிழப்பு இல்லை. தூண் பாதையில் முனையம் அமைத்தால், நிலையத்துக்கு அப்பால் போதுமான நீளத் தடமும் வேகத்தை விழுங்கும் தடுப்பும் ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது.

2023 ஜனவரி 27இல் பண்டாராயாவுக்கும் மஸ்ஜிட் ஜாமேக்குக்கும் இடையே சேவையை நிறுத்தினார்கள். அருகில் நடந்த கட்டுமானத்தால் தூண் பாதையின் அமைப்பு பாதிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் ஆழமாகத் தோண்டும்போது மண் அந்தப் பள்ளத்தை நோக்கிச் சாயும். மண்ணோடு தூணின் அடித்தளமும் நகரும். தூண் சில மில்லிமீட்டர் சாய்ந்தால் மேலே தண்டவாளம் கோணும். சாலைப் பாலம் அந்த அளவைத் தாங்கிவிடும், ரயில் தாங்காது. அத்தோடு அந்த இடம் பொதுத் தண்டில் இருக்கிறது. அங்கே அறுந்தால் இரண்டு கிளையும் ஒன்றாகப் பாதிக்கும். ஆற்றோரமாக ஒற்றை வழியில் போன பாதைக்கு மாற்று வழி எதுவும் இல்லை.

கடைசியாக, புதியவர்கள் தவறும் இடங்கள். அம்பாங் நிலையம் வேறு, கிளானா ஜெயா பாதையில் இருக்கும் அம்பாங் பார்க் வேறு. இரண்டுக்கும் நடுவே பல கிலோமீட்டர். புடு சென்ட்ரல் பேருந்து நிலையத்துக்குப் போக இறங்க வேண்டியது பிளாசா ராக்யாட்டில், புடுவில் அல்ல. எல்ஆர்டி சாலாக் செலாத்தானும் கேடிஎம் (மலேசிய ரயில்வே) சாலாக் செலாத்தானும் பெயரால்தான் ஒன்று, அங்கே மாற முடியாது. செந்தூலும் அப்படியே, கேடிஎம் நிலையம் தனியாக இருக்கிறது. அம்பாங் பக்கமிருந்து பூச்சோங் போகிறவர் நகரத்துக்குள் வரவே வேண்டாம். சான் சோ லினில் இறங்கி மாறினால் போதும். 2023 மார்ச் 16 முதல் அங்கேயே எம்ஆர்டி (நகரின் மெட்ரோ ரயில்) புத்ராஜெயா பாதைக்கும் மாறலாம். எம்ஆர்டி காஜாங் பாதைக்கு மலூரி, அல்லது பிளாசா ராக்யாட்டிலிருந்து மெர்டேக்கா. விமான நிலையத்துக்குப் பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்கினால் கேஎல்ஐஏ டிரான்சிட் ரயில், வெளியூர்ப் பேருந்து முனையம் இரண்டும் பக்கத்தில். மலேசியக் குடிமக்களுக்கு 50 ரிங்கிட் மை50 அட்டை உண்டு. 30 நாளைக்கு ரேபிட் கேஎல் ரயிலிலும் பேருந்திலும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம்.

பத்துமலைக்கு இந்தப் பாதை நேராகப் போகாது. பூச்சோங், அம்பாங் பக்கமிருந்து வருகிறவர்கள் பண்டாராயாவில் இறங்கி ஆற்றைக் கடந்து சில நிமிடம் நடந்தால் பேங்க் நெகாரா கேடிஎம் நிலையம். அங்கிருந்து பத்துமலை ரயில். பிடபிள்யூடிசியில் இறங்கிப் புத்ரா கேடிஎம் நிலையத்துக்கு நடப்பதும் சரியே. பண்டார் தாசேக் செலாத்தானில் இருப்பவர் எல்ஆர்டியில் ஏறவே தேவையில்லை, கேடிஎம் அங்கிருந்தே நேராகப் போகிறது. எல்ஆர்டிபோல அது சில நிமிடத்துக்கு ஒன்று வராது. நேர அட்டவணையைப் பார்த்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள்.